தாணு வீட்டுக் கிழக்கு நடை

அமரவிளையில் பஸ் இறங்கி நெய்யாற்றின்கரைக்கு நடந்து போகிறவர்கள் அந்தக் காலத்தில் வீட்டு முகப்பைப் பார்த்தே தரை போட்ட மேசிரியின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கார் ஏறி வரும் நடையில் கயிறு அழுத்திக் கட்டம் போட்டிருந்தாலும், வராந்தாவின் சிவப்புச் சிமென்டைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு ஓடினாலும், வாசலுக்கு முன்னால் எட்டு இதழ்ப் பூ ஒன்று விரிந்து கிடந்தாலும் அது தாணுவின் கை. டாக்டர் வீட்டில் மழைக்காலத்தில் சக்கரம் வழுக்கக் கூடாது என்று ஈரச் சாந்தின்மேல் தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து அழுத்தி எடுத்திருந்தான். வக்கீல் வீட்டு வராந்தாவில் குனிந்து பார்த்தால் மீசை தெரியும் என்று வக்கீலின் மச்சினன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மீசை இல்லாதவர்களும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட தாணுவின் வீட்டில் சாணம் மெழுகிய தரை. இஞ்சிவிளைக்கு மேற்கே, மரச்சீனிக் கிழங்கு போட்ட விளைக்கு நடுவில், கிழக்கு பார்த்த ஓட்டு வீடு அது. முன்னால் ஒரு வராந்தா, உள்ளே இரண்டு அறை, தெற்கே வாசல் வைத்த அடுக்களை. இதைப் பற்றி யாராவது கேலி பேசினால் தாணுவும் சேர்ந்து சிரிப்பான். அவன் பெண்டாட்டி அம்மிணிக்குச் சிரிப்பு வராது.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவள் கேட்டாள். அடுத்த வேனலில் போட்டுவிடலாம் என்றான் தாணு. அடுத்த வேனலில் உலகச் சண்டை வந்தது, சிமென்டைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. சண்டை முடிந்தால் கூரை ஒழுகியது. கூரையை மாற்றினால் பசு செத்துப் போனது. பகலெல்லாம் அடுத்தவன் தரையைத் தேய்த்துவிட்டு வரும் மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தால் முட்டு மடங்காது. அம்மிணிக்கு அதுவும் தெரியும். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை சாணத்தைக் கரைத்துக்கொண்டு குனியும்போது நெஞ்சுக்குள் ஒன்று கிடந்து புகையும். கிட்டத்தட்ட இருபது வருஷம் அப்படிப் புகைந்தது.

மகள் ஸ்ரீகுமாரியைப் பெண் பார்க்கப் பனச்சமூட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்த அன்றுதான் அது பற்றிக்கொண்டது. முந்தின நாள் மெழுகிய தரை சரியாகக் காயவில்லை. வந்தவர்கள் பாயிலிருந்து எழுந்தபோது மாப்பிள்ளையின் சித்தப்பன் உடுத்திருந்த வெள்ளை முண்டில் பச்சைக் கறை. பின்ன ஒருநாள் வாறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் இறங்கினார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பினார், நாட்டுக்கெல்லாம் தரை போடுகிறவன் சொந்த வீட்டைப் பார்க்காதவன், மகளை எப்படி வளர்த்திருப்பானோ என்று. அதற்குப் பிறகு வந்த இன்னொரு கல்யாண ஆலோசனையும் அந்தப் பேச்சைக் கேட்டே திரும்பிப் போனது. பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டே வந்தது. அன்றிலிருந்து அம்மிணி தரை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. தாணுவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவன் வாயைத் திறக்காமல் காரியத்தில் இறங்கினான். வேலை முடிகிற இடத்திலெல்லாம் மிச்சமிருக்கும் நிறப்பொடியைக் கேட்டு வாங்கினான். டாக்டர் வீட்டிலிருந்து சிவப்பு, வக்கீல் வீட்டிலிருந்து கறுப்பு, இன்னும் இரண்டு மூன்று வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் சிவப்பு. கடற்கரையில் பள்ளி என்று சொல்லும் தேவாலயத்தில் பீடத்துப் படிக்கு மஞ்சள் போட்டபோது அங்கே மிஞ்சியதை மணியடிக்கும் நார்பர்ட் கோயில்பிள்ளை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிக் கொடுத்தார். சிமென்டைக் கூலிக்குப் பதிலாக வாங்கிக்கொண்டான். எல்லாம் பழைய டின்களில் கட்டிலுக்கு அடியில் ஒரு வருஷத்துக்குமேல் சேர்ந்தது. அம்மிணி பெருக்கும்போது அந்த டின்களை நகர்த்துவாள், துடைப்பாள், பழைய இடத்திலேயே வைப்பாள். என்னவென்று கேட்கவில்லை.

தை மாதம் புது ஆலோசனை ஒன்று வந்தது. படந்தாலுமூட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பொன்னப்பன். அப்பன் இல்லை. அம்மை சொர்ணம்மையும் தாய்மாமன் கிருஷ்ணன்குட்டியும்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். தாணு கணக்குப் பார்த்தான். வியாழக்கிழமை வராந்தாவுக்குச் சாந்து போட்டால் ஞாயிற்றுக்குள் தரைமேல் வெள்ளம் கட்டி இறுகவிட்டு வடித்துவிடலாம், ஆள் உட்காரலாம். தரை போடப் போகிறேன் என்று அவன் சொன்னதும் அம்மிணி அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சரி என்றாள். பிறகு கொல்லைக்குப் போய்த் தனியாக நின்று அழுதுவிட்டு வந்தாள்.

நாடு அப்போது நல்ல நிலையில் இல்லை. மொழி பார்த்து மாநிலம் பிரிக்கும் எல்லைக்கோடு எங்கே விழும் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. கல்குளம், விளவங்கோடு எல்லாம் மெட்ராசுக்கு, நெய்யாற்றின்கரைத் தாலூக்கா இந்தப் பக்கம், மலையாளத்தோடு. அதாவது தாணுவின் விளைக்குக் கிழக்கே நடந்துபோனால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வேறு ராஜ்ஜியம். நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று கிழக்கே ஊர்வலம் போனது. விடமாட்டோம் என்று மேற்கே கூட்டம் போட்டார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் ஆட்களைச் சுட்ட வருஷத்தை யாரும் மறக்கவில்லை. தாணுவிடம் யாராவது நீ எந்தப் பக்கம் என்று கேட்டால், வேலை மேற்கே, சொந்தக்காரர்கள் கிழக்கே, நான் நடுவில் சாந்து குழைக்கிறேன் என்பான். தமிழில் கேட்டவனுக்குத் தமிழிலும் மலையாளத்தில் கேட்டவனுக்கு மலையாளத்திலும் இதையே சொல்வான்.

வியாழக்கிழமை பனிமஞ்சு இறங்கிய காலையில் வேலை தொடங்கியது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த அடித்தரை முன்னமே தயார். ஸ்ரீகுமாரி கிழிந்த முண்டைச் சட்டிமேல் கட்டி நிறப்பொடியை அரித்துக் கொடுத்தாள். பல வீட்டுச் சிவப்பும் ஒன்றாகக் கலந்து எந்த வீட்டிலும் இல்லாத ஒரு சிவப்பாக வந்தது. அவள் கை முழங்கை வரை அந்த நிறத்தில் ஊறிப்போனது. அம்மிணி கிணற்றிலிருந்து வெள்ளம் சுமந்தாள். தை மாதத்துக் கிணறு, கயிறு முக்கால்வாசி இறங்கினால்தான் வாளி நனையும்.

இந்தத் தரைக்கு ஒரு சட்டம் உண்டு. நிறத்தை ஒரே தடவையில் மொத்தமாகக் கலக்க வேண்டும், ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினாலும், மறுபடி கலந்து ஒட்டுப் போட்டாலும், அந்த இடம் தேமல்போல் காலத்துக்கும் தெரியும். தாணு வாசல் கதவையொட்டி ஆரம்பித்து, முட்டுக்கு அடியில் சின்னப் பலகை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முற்றத்தைப் பார்த்துப் பின்னால் பின்னால் நகர்ந்து வந்தான். ஆணியில் நூல் கட்டி வட்டம் போட்டு, எட்டு இதழும் கீறி எடுத்து மஞ்சள் நிறைத்தான். கரண்டியின் முனையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தபோது சாந்து மெல்ல முகம் வெளுத்து, பிறகு மினுங்க ஆரம்பித்தது. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகை அரைத்த சம்மந்தியும் அம்மிணி அடுக்களை வாசல் வழியாகச் சுற்றி எடுத்து வந்தாள். அவன் பலகையில் இருந்தபடியே தின்றான். சாப்பிடும்போதும் கண் தரையில்தான்.

அம்மிணிக்கு அன்று வேறொரு வேலையும் ஓடவில்லை. வாசல் நிலைக்கு உள்ளே நின்று அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்படி ஒரு பொருள் தனக்குச் சொந்தமாகும் என்று அவள் நம்புவதை எப்போதோ விட்டிருந்தாள்.

வெயில் தாழ ஆரம்பித்த நேரத்தில் மீன்காரி பிரிஜித் ஓடி வந்தாள். கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து வாரத்தில் பாதிநாள் இந்த விளைகளில் விற்கிறவள். தலையில் மீன்கூடை இல்லை, கையில் ஓலையில் கோர்த்த இரண்டு அயிலை மீன் மட்டும் இருந்தது. சந்தையில் கூட்டம் கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடியதாம், கல் விழுந்ததாம், போலீஸ் வந்ததாம். ஒரு வீட்டுக்குப் பின்னால் இத்தனை நேரமும் ஒளிந்திருந்துவிட்டு வருகிறாள்.

"எக்கா, காலத்தே சொல்லியிருக்கணும், எனக்க குற்றம் இல்ல," என்றாள் மூச்சு வாங்க. "படந்தாலுமூட்டுக்காரரு சந்தையில வச்சு சொல்லி விட்டாரு. ஞாயிறாச்ச இல்ல, இண்ணைக்கே வாறாங்களாம். நாளை முதல் கடையடைப்பாக்கும். பஸ் எப்ப ஓடும்ணு தெரியாது. வழியில அவிய ரெண்டுபேரையும் கண்டேன், நடந்து வருதினும். இஞ்சிவிளை கழிஞ்சாச்சு."

அம்மிணி வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். பிரிஜித் வராந்தாவை எட்டிப் பார்த்து, இது எங்கள் பள்ளியின் மஞ்சள் அல்லவா என்று ஒரு நொடி முகம் மலர்ந்தாள். பிறகு அவளுக்கும் விஷயம் புரிந்தது. வராந்தா முழுக்க ஈரம். வீட்டுக்குள் நுழைய மிச்சமிருப்பது தெற்கே இருக்கும் அடுக்களை வாசல் ஒன்றுதான்.

உள்ளே போய் ஸ்ரீகுமாரியைச் சேலை மாற்றச் சொல்லி, நிலவிளக்குக்குத் திரி போட்டு, கருப்பட்டிக் காப்பிக்கு வெள்ளம் வைப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். கிருஷ்ணன்குட்டி பெரிய உடம்புக்காரர். நெற்றியில் வேர்வை வழிய, தோளில் துண்டோடு முற்றத்தில் நின்றார். பின்னால் சொர்ணம்மை, வெள்ளை உடுத்தி, மெலிந்து, வழி நடந்த களைப்பில் பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாணு பலகையிலிருந்து எழுந்து சிவந்த கைகளைக் கூப்பினான்.

பேச்சு நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. கிருஷ்ணன்குட்டி தரையைப் பார்த்து மனசறிந்து பாராட்டினார். சொல்லாமல் முந்தி வந்ததற்கு வருத்தமும் சொன்னார். நாளைக்குப் பாறசாலையில் மறியலுக்கு நிற்கப் போகிறார், பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்களோ தெரியாது, அதற்குள் மருமகன் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவசரம். தாணு சங்கடத்தோடு, தெற்கே சுற்றி அடுக்களை வழியாக வரலாமா என்று கேட்டான். கிருஷ்ணன்குட்டி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். சொர்ணம்மையின் முகம் மாறிப்போயிருந்தது.

"தாணு மேசிரி, தப்பா நெனைக்கப்பிடாது," என்றார் அவர். "தெக்கு நடை வழியா நாங்க கேற மாட்டோம். எனக்க இந்த அக்கனுக்க மூத்தவனுக்குப் பெண்ணு பாக்கப் போனப்ப நல்ல மழை. அவிய வீட்டு முற்றம் முழுக்க வெள்ளம். தெக்கு வழியா கேறினா பரவாயில்லண்ணு சொன்னது நானாக்கும். கெட்டி வந்த பிள்ளை ஒரு வருஷம்கூட இருக்கல்ல. பேறுகாலத்தில போச்சு. அதுக்குப் பொறவு அக்கன் எனக்கு ஒண்ணும் சொல்லல்ல. சொல்லாததாக்கும் எனக்குப் பாரம்."

தெற்கு வாசல் பிணம் இறக்கும் வழி. அது அம்மிணிக்கும் தெரிந்ததுதான். அவளே ஒரு கல்யாண வீட்டுக்கு அப்படி நுழைந்திருக்க மாட்டாள். அதனால் அவர்கள்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

தாணு பலகை போடலாமா என்று சுற்றிப் பார்த்தான். நீளப் பலகைகள் எல்லாம் அமரவிளையில் வேலை நடக்கும் இடத்தில் கிடந்தன. முட்டுக்கு அடியில் போட்ட சின்னத் துண்டுதான் கையில் இருந்தது. அம்மிணி அடுக்களை வழியாகச் சுற்றி வந்து, மகளைப் பலா மரத்தடிக்குக் கூட்டி வரட்டுமா என்று கேட்டாள். அதற்குச் சொர்ணம்மைதான் மெல்ல மறுத்துத் தலையசைத்தாள். மரத்தடியில் நிறுத்திப் பார்ப்பதற்கு அது கன்றுக்குட்டி இல்லையே என்றாள். விளக்குக்கு முன்னால் உட்கார வைத்துப் பார்க்க வேண்டிய பிள்ளை. அதுவும் நியாயமான பேச்சு. நியாயமே எல்லாப் பக்கத்திலும் நின்றதால் வழி ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தத் தாலூக்காவும் எங்களோடு வர வேண்டும் என்று ஜெயிலுக்குப் போகத் துணிந்த மனுஷனால் இந்தத் தாலூக்காவில் ஒரு வராந்தாவைக் கடக்க முடியவில்லை. அவருக்கே அது தோன்றியிருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பின்ன ஒருநாள் வாறோம் மேசிரி," என்றார்.

அந்த வார்த்தையை அம்மிணி முன்னாலும் கேட்டிருக்கிறாள். பனச்சமூட்டுக்காரர்களும் அதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கிப் போனார்கள். இவர் நாளைக்கு ஜெயிலுக்குப் போவார். கோடு விழும். கிழக்கேயுள்ளவர்கள் கிழக்கேயே பெண் தேடிக்கொள்வார்கள். ஸ்ரீகுமாரிக்கு இன்னொரு ஆலோசனை வருவதற்குள் இன்னும் எத்தனை தை மாதமோ. குடிக்க வெள்ளம் எடுத்து வருகிறேன் என்று முற்றத்தில் சொல்லிவிட்டு அவள் மறுபடி அடுக்களை வழியாக உள்ளே போனாள். கையில் எடுத்த செம்பை எங்கே வைத்தாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை.

ஸ்ரீகுமாரி உள்ளறையில் விளக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. முழங்கைச் சிவப்பு எத்தனை தேய்த்தும் போகாததால் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். அழவில்லை. அம்மையின் முகத்தைப் பார்த்து, "போனா போட்டும் அம்மா. அப்பனுக்க தறை நல்லா வந்திருக்கு, அது கேடுவராண்டாம்," என்றாள்.

அம்மிணி மகளின் மூடிய கையைப் பார்த்தாள். இந்த வீட்டில் பெண்பிள்ளை தன்னைவிடத் தரையைப் பெரிதாக நினைக்கும்படி ஆக்கியது யார்? இருபது வருஷமாகத் தரை தரை என்று புகைந்தது யார்? சாணம் கரைக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளை அல்லவா.

கிழக்கு வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவள் அதைத் திறந்தாள். முண்டைக் கணுக்காலுக்குமேல் ஒரு சாண் தூக்கிக்கொண்டாள். நிலையைத் தாண்டி முதல் காலை வைத்தபோது சாந்து குளிர்ந்திருந்தது. அரைவாசி இறுகிய பதம், பாதம் மெல்லத்தான் இறங்கியது. இரண்டாவது கால் எட்டிதழ்ப் பூவின்மேல். மஞ்சள் இதழ் ஒன்று விரல்களுக்கு அடியில் நெளிந்தது. தாணுவின் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பிப் பாதியில் நின்றது. பிரிஜித் சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மிணி யாரையும் பார்க்காமல் வராந்தாவின் நடுவே நடந்து, விளிம்புக்கு வந்து, சிவந்த காலோடு நின்றாள்.

"கிழக்கு நடை தொறந்தாச்சு," என்றாள். "கேறி வாருங்க. வெளக்கு கொளுத்தி வச்சிருக்கு. எனக்க மகளைப் பாக்காம போவப்பிடாது."

கிருஷ்ணன்குட்டி மேசிரியைப் பார்த்தார். தாணு தன் தரையைப் பார்த்தான், பெண்டாட்டியின் காலைப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் டின்கள் இப்போது காலி. மறுபடி கலக்க ஒரு பிடிச் சிவப்பு கிடையாது. அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சவிட்டிக் கேறுங்க அண்ணே," என்றான். "தறையாக்கும், சவிட்டதுக்கு உள்ளது தான்."

முதலில் அசைந்தது சொர்ணம்மை. பலா மரத்தை விட்டு வந்து, முற்றத்தோரம் கிண்டிச் செம்பில் இருந்த வெள்ளத்தால் காலைக் கழுவினாள். வராந்தா விளிம்பில் நின்று குனிந்து பார்த்தாள். பிறகு முண்டைத் தூக்கிக்கொண்டு, அம்மிணியின் கடைசிக் காலடி எங்கே பதிந்திருந்ததோ அதற்குள் தன் காலை வைத்தாள். அடுத்த காலையும் அடுத்த பதிவுக்குள். வெளியே பார்த்துப் போன காலடிகளில் அவள் உள்ளே பார்த்து நடந்தாள். பூவின் இதழில் அம்மிணி மிதித்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் தடுமாறி, வராந்தாத் தூணைப் பிடிக்கக் கை நீட்டி, எட்டாமல் தானே நிமிர்ந்துகொண்டாள். நிலைவாசலில் ஏறித் திரும்பி, தம்பியிடம், "நீயும் இதிலே தான் சவிட்டணும். வேற எங்கயும் கால் படப்பிடாது," என்றாள்.

கிருஷ்ணன்குட்டி அத்தனை பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, கயிற்றில் நடக்கிறவரைப் போல் இரண்டு கையையும் விரித்து, சின்னக் கால்பதிவுகளுக்குள் தன் பெரிய பாதத்தைத் திணித்து நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் விளிம்பு உடைந்தது. ஒவ்வொரு அடிக்கும் மேசிரியிடம் மன்னிப்புக் கேட்டார். பிரிஜித் சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டாள். தாணுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே எல்லாம் சட்டென்று முடிந்தது. விளக்குக்கு முன்னால் ஸ்ரீகுமாரி வந்து உட்கார்ந்தாள். காப்பியும் ஏத்தன் பழமும் வைத்தார்கள். தலைப்பு விலகிச் சிவந்த கை தெரிந்தபோது அவள் பதறி மறைக்கப் போனாள். சொர்ணம்மை அந்தக் கையைப் பிடித்து என்னவென்று கேட்டாள். காவிப்பொடி அரித்தபோது ஒட்டியது என்று பெண் சொன்னாள். சொர்ணம்மை கையை விடவில்லை. அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டே காப்பி குடித்தாள். மூத்தவனுக்கு வந்தவளின் பெயர் பிரபா என்றும், அவளும் நன்றாக வேலை செய்வாள் என்றும் சொன்னாள். அந்தப் பெயரை அவள் சொல்லிக் கேட்டு வெகுகாலம் ஆனதால் கிருஷ்ணன்குட்டி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தார். சித்திரையில் கல்யாணம் என்று சொர்ணம்மைதான் முடிவாகச் சொன்னாள். தம்பி அதற்குள் வெளியே வந்தால் சரி, வராவிட்டால் மாசத்தை மாற்றிக்கொள்ளலாம், பெண்ணை மாற்றுவதாக இல்லை என்றாள்.

கிருஷ்ணன்குட்டி சித்திரைக்குள் வரவில்லை. ஆவணியில்தான் கல்யாணம் நடந்தது. அந்த ஐப்பசியில் கோடு விழுந்தது. ஸ்ரீகுமாரி அம்மை வீட்டுக்கு வருவதென்றால் களியக்காவிளை கழிந்ததும் செக்போஸ்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு வர வேண்டியதாயிற்று. அப்போதெல்லாம் அவள் முற்றத்தில் நின்று காலைக் கழுவி, கிழக்கு வராந்தாவில் அந்த ஒற்றை வரிக் காலடிகளில் மட்டும் மிதித்து உள்ளே போவாள். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. டாக்டர்கூட ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, புதுமாதிரியாக இருக்கிறதே, கார் ஏறி வரும் நடையில் இதுபோல் கால் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். வேறு எந்தப் பூ வேண்டுமானாலும் போடுகிறேன் என்று தாணு சொல்லிவிட்டான்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மாலை வந்தவர்கள் அதே தடத்தில் இறங்கிக் கிழக்கே நடந்து போன பிறகு, பிரிஜித்தும் அயிலையைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அம்மிணி மீனைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். தாணு பலா மரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் சண்டை போடுகிற ஆள் இல்லை. அதனால்தான் அவளுக்குப் பயம். ஒரு வருஷம் டின் டின்னாகச் சேர்த்ததை, ஒருநாள் முழுக்க முட்டுப் போட்டுத் தேய்த்ததை, அவள் நாலைந்து அடியில் முடித்துவிட்டாள். மகள் காரியம் நடந்ததில் நெஞ்சு நிறைந்திருந்தது. நிறைந்த நெஞ்சோடு அவளுக்கு அழுகையும் வந்தது, இரண்டும் உண்மைதான்.

வெளிச்சம் போகுமுன் தாணு எழுந்து வந்தான். சாந்துச் சட்டியின் அடியைச் சுரண்டி ஒரு சிரட்டையில் எடுத்திருந்தான். இன்னொரு கையில் சின்னக் கரண்டி. பதிவுகளை அடைக்கப் போகிறான் என்று அம்மிணி நினைத்தாள். அடைத்தால் அங்கங்கே தேமல்போல் தெரியும், ஆனாலும் அவன் தரை, அவன் இஷ்டம். அவள் வாசல் நிலைக்கு உள்ளே வந்து நின்றாள். அவன் பலகையைப் போட்டு முட்டுக் குத்தி, முதல் காலடிக்குப் பக்கத்தில் குனிந்தான். விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தான். கொஞ்சம் வெள்ளம் தெளித்தான்.

"அவருக்க கால் பட்டு ஓரமெல்லாம் ஒடஞ்சு போச்சு," என்றான். "ஒனக்க காலை இன்னொருக்கா இதுல வை. சுற்றிப் பிடிச்சு மினுக்கி எடுக்கணும்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அடைக்கவில்லையா என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையசைத்தான். மாமியார்க்காரி அதில் நடந்து வந்திருக்கிறாள், இனி மகள் நடந்து வருவாள், ஒழுங்காக முடிக்காமல் விட்டால் அழுக்கு சேரும், ஓரம் பெயரும் என்று, வேறு யார் வீட்டு வேலையையோ பற்றிப் பேசுகிறவனைப் போல் சொன்னான். அம்மிணி நிலையைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி வைத்தாள். கனம் கொடுக்க மனசு வரவில்லை, பாதம் பட்டும் படாமலும் நின்றது.

தாணு அவள் கணுக்காலைப் பிடித்தான். சிமென்ட் தின்ற அந்தக் கை சொரசொரவென்று இருந்தது.

"அழுத்திச் சவிட்டு," என்றான். "ஒனக்குப் போட்ட தறையாக்கும்."